கவுன் சிவப்பு

அன்புள்ள அக்கா,

ஸ்டார் டிரெக் படங்களில் வரும் கிளிங்கன் மொழி கற்கிறேன். 'வெங்' நகரம், 'தின்' பெரிய, 'டாக்' நம்முடைய 'இல்'. பெரிய நகரத்தில் என்பதற்கு 'வெங்டாக் தின்' என்று எழுதினால் தவறு என்கிறார்கள். ஏன்? பெயரடையே இல்லாத இந்த விசித்திர மொழியைத் தமிழ் படித்தவன் கற்பது வீண் வேலையா?

ஒரு வாசகர், ரோஸ் ஹில், மொரீஷியஸ்

தம்பி,

வீண் வேலையா என்று என்னைக் கேட்காதீர்கள். பாதி ஆயுளை நான் அதில்தான் கழித்தேன்.

'விசித்திரம்' என்றீர்களே, அதற்குத்தான் கோபம் வருகிறது. அந்த மொழியை உருவாக்கிய மார்க் ஓக்ராண்ட் 1985இல் அகராதி போட்டபோது பெயரடை என்று தனி இனம் வைக்கவில்லை. 'தின்' என்பது பெரிதாக இருப்பதைச் சொல்லும் வினை. சரி, நம் இலக்கணத்தில் மட்டும் இருந்ததா? பெயர், வினை, இடை, உரி, அவ்வளவுதான். 'பெரிய' என்பதைக் குறிப்புப் பெயரெச்சம் என்று வினைக் கணக்கில்தான் எழுதி வைத்தார்கள். தமிழ் படித்தவன் என்று சொல்லிக்கொண்டு இதை மறந்தால் எப்படி?

வித்தியாசம் வரிசையில் இருக்கிறது. 'வெங் தின்' என்றால் பெரிய நகரம். 'தின் வெங்' என்றால் நகரம் பெரியது. நமக்கு அப்படியே தலைகீழ்.

இதை நான் திட்டு வாங்கிக் கற்றேன். எட்டு வயதில், போர்ட் லூயியில் ஒரு மாலை வகுப்பு. வீட்டில் பிரெஞ்சிலிருந்து பிறந்த எங்கள் கிரியோல்தான் பேச்சு. தீபாவளிக்கு என்ன வேண்டும் என்று வாத்தியார் கேட்டார். மனதில் கிரியோலின் 'ரோப் ரூஸ்' (ரோப் கவுன், ரூஸ் சிவப்பு) ஓட, "கவுன் சிவப்பு வேணும்" என்றேன். ஸ்கேலால் மேசையைத் தட்டினார். "கவுன் சிவப்புன்னா சேதி முடிஞ்சுபோச்சு. அப்புறம் என்ன வேணும்?" வகுப்பே சிரித்தது. இன்றைக்கும் காது சுடுகிறது. ஆனால் தமிழில் பண்புச்சொல் பெயருக்குப் பின்னால் போனால் அது அடை அல்ல, பயனிலை என்பதை அதைவிடத் தெளிவாக எனக்கு யாரும் சொன்னதில்லை.

வரிசையில் என்ன இருக்கிறது என்பவர்கள் 1998ஐ நினைத்துக்கொள்ளட்டும். புது ரூபாய் நோட்டில் தமிழ் ஒரு வரி கீழே இறங்கியதற்கு இந்தத் தீவில் எத்தனை கொதிப்பு! கடைசியில் நோட்டையே திரும்பப் பெற்றார்கள்.

ஆமாம், 'டாக்' பற்றிக் கேட்டிருந்தீர்கள். பெயருக்குப் பின்னால் அடை நிற்கும்போது அது பெயரை விட்டுவிட்டு அடையோடு போய் ஒட்டிக்கொள்ளும்: 'வெங் தின்டாக்'. அந்தச் சிவப்பு கவுன் என்பதைக் கிரியோலில் எப்படிச் சொல்வீர்கள்? 'ரோப் ரூஸ் லா'. 'அந்த' என்று சுட்டும் 'லா'வை 'ரோப்' பக்கத்திலா வைக்கிறீர்கள்?