அப்பா பேரு 'ஏங்க': குழந்தைங்க வார்த்தை கத்துக்குறதப் பத்தி கேள்வி பதில்

வணக்கம். புதுச்சேரியில குழந்தைங்களுக்குப் பேச்சுப் பயிற்சி குடுக்குறேன். சாயங்காலம் வரைக்கும் இருப்பேன், கேளுங்க. ஒண்ணு மட்டும் முன்னாடியே சொல்லிடுறேன், பேச்சு லேட்டுன்னா மொதல்ல காது டெஸ்ட், மத்ததெல்லாம் அப்புறம்தான்.

நெல்லித்தோப்பு: மேடம், யாரும் ஒக்காந்து சொல்லித் தரல, ஆனா ஒன்றரை வயசுலயே நாம சொல்றது புரியுதே, எப்டி?

எனக்கு ரொம்பப் புடிச்ச கேள்வி. மதில் மேல இருக்குறதக் காட்டி "காக்கா பாரு"ன்னு சொல்றீங்க, காக்கான்னா அந்தப் பறவையா, கறுப்பா, அலகா, கத்துறதா, குழந்தைக்கு யாரு சொன்னா? குவைன்னு ஒரு அமெரிக்கத் தத்துவக்காரர் 1960ல இதே சிக்கலத்தான் முயல வச்சு எழுதினாரு. ஆனா நம்ம நாட்டு மீமாம்சைக்காரங்க (வேத வாக்கியத்துக்கு அர்த்தம் எப்டி எடுக்குறதுன்னு ஆராய்ஞ்ச பழைய தத்துவக்காரங்க) அதுக்கு ஆயிரம் வருஷத்துக்கும் முன்னாடியே இதப் பேசிட்டாங்க. பெரியவர் ஒருத்தர் இன்னொருத்தர்கிட்ட "பசுவைக் கொண்டு வா"ன்னு சொல்றாரு, அவரு கொண்டு வர்றாரு, குழந்தை பக்கத்துல நின்னு பாக்குது. அப்புறம் "பசுவைக் கட்டு", "குதிரையைக் கொண்டு வா". எந்தச் சொல்லு மாறுனா எந்த வேலை மாறுதுன்னு பாத்துப் பாத்து ஒவ்வொரு சொல்லையும் பிரிச்சு எடுத்துக்குதுன்னாங்க. 2008ல லிண்டா ஸ்மித், சென் யூன்னு ரெண்டு ஆராய்ச்சிக்காரங்க 12 மாசம், 14 மாசக் குழந்தைங்கள வச்சு இத சோதிச்சாங்க. ஒவ்வொரு தடவையும் ரெண்டு படம், ரெண்டு புதுச் சொல்லு, எது எதுக்குன்னு அந்த ஒரு தடவையில தெரியவே தெரியாது. பல தடவை பாத்த பிறகு குழந்தைங்க சரியான படத்தையே அதிக நேரம் பாத்துச்சுங்க!

இன்னொண்ணு கண்ணு. டேர் பால்ட்வின் 1991ல எழுதினது இது, குழந்தை ஒரு பொம்மையப் பாத்துட்டு இருக்கும்போது பெரியவங்க வேற பொம்மையப் பாத்துப் புதுப் பேரு சொன்னா, ஒன்றரை வயசுக் குழந்தை தன் கையில இருக்குறதுக்கு அந்தப் பேர வைக்கல, தலையத் தூக்கி அவங்க எதப் பாக்குறாங்கன்னு பாத்துட்டு அதுக்குத்தான் வச்சுது. அதனால சார்ட்ட செவுத்துல ஒட்டி ஒப்பிக்க வைக்காதீங்க, குழந்தை எதப் பாக்குதோ அதப் பத்திப் பேசுங்க.

கடலூர் ஓ.டி.: என் பொண்ணு 20 மாசம். என்ன 'ஏங்க'ன்னு கூப்புடுறா. வீட்ல எல்லாரும் சிரிக்கிறாங்க, இன்னா பண்றது?

பொண்ணு நல்லாவே கவனிக்கிறாங்க சார். அம்மா 'ஏங்க'ன்னா நீங்க திரும்புறீங்க, அப்ப அதுதான் உங்க பேரு. அம்மா 'மாமா'ன்னு கூப்புடுற வீட்ல குழந்தைக்கும் அப்பா மாமாதான். மொறைப்பேரு ரொம்ப கஷ்டமான வார்த்தை, ஒரே ஆளு ஒருத்தருக்கு அண்ணன், ஒருத்தருக்குச் சித்தப்பா, சொல்றவங்கள பொறுத்து மாறும். 'நான், நீ' கூட அப்டித்தான், தனக்கு வேணும்னா "உனக்கு வேணும்"னு கேக்கும். திட்டாதீங்க. அம்மாவ குழந்தை முன்னாடி "அப்பாவக் கூப்புடு, அப்பா வந்தாச்சு"ன்னு சொல்லச் சொல்லுங்க, தானா மாறிடும்.

முத்தியால்பேட்டை: 18 மாசத்துக்கு எத்தனை வார்த்தை பேசணும்?

குழந்தைக்குக் குழந்தை ரொம்ப வித்தியாசப்படும். ரெண்டு வயசுல "பால் தா" மாதிரி ரெண்டு சொல்லு சேரலன்னா வாங்க. காது டெஸ்ட் எடுத்துட்டு வாங்க.

பாகூர்: ஆடு, மாடு, பூனை எல்லாமே பையனுக்கு 'தோத்தோ'தான்.

"மாடு எங்க?"ன்னு கேட்டுப் பாருங்க, சரியா மாட்டக் காட்டினா அவனுக்கு வித்தியாசம் தெரியுது, வாயில அந்தச் சொல்லு இன்னும் வரல, அவ்ளோதான். கொஞ்ச நாள்ல சரியாயிடும்.

திருப்பாதிரிப்புலியூர்: ஓய்வுபெற்ற தமிழாசிரியர் நான். தோத்தோ, மம்மம், பாச்சி, இதெல்லாம் சொல்லிக் குடுத்துத்தாம்மா பிள்ளைங்க தமிழ் கெடுது. நேரா சோறு, பால், நாய்னு சொல்லலாமே?

ஐயா, உங்க அக்கறை புரியுது, ஆனா இதுல நான் ஒத்துக்க மாட்டேன். மம்மம், பாச்சி, தாச்சு, உம்மாச்சி எல்லாம் நம்ம பாட்டிங்க தலைமொறையா வச்சிருந்த தமிழ்தான். பெர்குசன்னு ஒரு மொழியியல்காரர் 1964லயே வேற வேற ஆறு மொழியில குழந்தைப் பேச்சுச் சொற்கள எடுத்துப் பாத்து, ஒரே மாதிரி இருக்குன்னு காட்டினாரு. உதட்டுல சுலபமா வர்ற ஒலி, திரும்பத் திரும்ப வர்ற அசை. நீட்டி ராகமா பேசுனா குழந்தை இன்னும் நல்லா கவனிக்கும்.

திருப்பாதிரிப்புலியூர்: அப்ப அஞ்சு வயசுலயும் மம்மம்னே கேட்டா?

கேக்காது ஐயா. "மம்மம் சாப்புடலாமா, சோறு சூடா இருக்கு"ன்னு ரெண்டையும் சேத்துச் சொல்ற பழக்கம் நம்ம வீடுகள்ல தானாவே இருக்கு. குழந்தை வளர வளர நாமளே மாத்திடுறோம்.

லாஸ்பேட்டை: ஐயா சொல்றதுதான் சரி. எங்க வீட்ல பாட்டிதான் மழலை பேசிக் கெடுக்குறாங்க.

பாட்டி கெடுக்கலம்மா. பாட்டி குழந்தை மொகத்தப் பாத்துப் பேசுறாங்க, பதிலுக்குக் காத்திருக்காங்க. அத நிறுத்தினா அந்த நேரத்துல போன்தான் வரும்.

திருப்பாதிரிப்புலியூர்: போன் விஷயத்துல உங்க கூடத்தான் இருக்கேம்மா.

நன்றி ஐயா.

அரியாங்குப்பம்: வீட்ல தமிழும் பிரெஞ்சும் பேசுறோம். குழம்பிடுமா?

குழம்பாது. ரெண்டு மொழி வார்த்தையும் சேத்து எண்ணுங்க.

முதலியார்பேட்டை: ஒன்றரை வயசு, எத்தனை வார்த்தை இருக்கணும்?

மேல முத்தியால்பேட்டைக்குச் சொன்னதப் படிங்க.

வில்லியனூர்: போன்ல ரைம்ஸ் போட்டா சீக்கிரம் பேசுமா?

பேசாது. பாட்ரிசியா குல் 2003ல அமெரிக்காவுல 9 மாசக் குழந்தைங்களுக்குச் சீன மொழிய ஆள் நேர்ல பேசியும், வீடியோவுலயும் கேக்க வச்சாங்க. நேர்ல கேட்டதுங்க அந்த ஒலிகளப் பிரிச்சு அறிஞ்சுச்சுங்க, வீடியோவுல ஒண்ணும் ஏறல. உலக சுகாதார நிறுவனம் 2019ல ஒரு வயசுக் குழந்தைக்கும் திரை வேண்டாம்னுதான் சொல்லுது.

உப்பளம்: 19 மாசம், எத்தனை வார்த்தை...

இதுக்கு ரெண்டு தடவை சொல்லியாச்சு, மேல பாருங்க, தயவுசெஞ்சு.

மஞ்சக்குப்பம்: பையனுக்கு ரெண்டரை வயசு, ஒரு வார்த்தை கூட இல்ல. பேரு சொல்லிக் கூப்புட்டா திரும்ப மாட்டான், ஆனா பாத்திரம் விழுந்தா திரும்புவான், அதனால காது நல்லாத்தான் இருக்குன்னு மாமியார் சொல்றாங்க. அவங்க அப்பாவும் லேட்டாத்தான் பேசினாராம். நாக்குல வசம்பு தேய்ச்சுட்டு இருக்கோம்.

நீங்க காத்திருக்கவே கூடாதும்மா. பாத்திரச் சத்தம் பெரிசு, அதுக்குத் திரும்புறதால பேச்சு முழுசா கேக்குதுன்னு அர்த்தமில்ல. 'ச', 'த' மாதிரி மெல்லிசான ஒலி கேக்காத குழந்தையும் பாத்திரத்துக்குத் திரும்பும். வசம்ப நிறுத்திடுங்க, அதுல பேச்சு வராது. நாளைக்கே அரசு மருத்துவமனை காது மூக்கு தொண்டைப் பிரிவுக்குப் போங்க, இல்ல ஜிப்மர் வாங்க, பெரா டெஸ்ட்டும் (சத்தத்துக்குக் காது நரம்பு எப்டி வேலை செய்யுதுன்னு பாக்குறது) வேணும்னு கேளுங்க, குழந்தைய தூங்க வச்சு எடுப்பாங்க, வலிக்காது. காது சரியா இருந்தாலும் பேருக்குத் திரும்பாததுக்கு வேற காரணம் இருக்கலாம், குழந்தை வளர்ச்சி டாக்டரையும் அதே வாரத்துல பாருங்க. ரிப்போர்ட் வந்ததும் எனக்குத் தனியா எழுதுங்க, ராத்திரி ஆனாலும் பரவால்ல.