டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் மாதிரி, டைஸ் உருட்டி ஆளுக்கொரு பாத்திரமாக ஆடும் கதை விளையாட்டில், நாமே உருவாக்கிய சண்டைத் திறன் சமநிலையாக இருக்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? எவ்வளவு சேதம் என்கிற அடிக் கணக்கு பார்த்தால் போதுமா?

போதாது. அடிக் கணக்கை மட்டும் பார்த்துத்தான் நான் மூன்று வார வேலையைக் கெடுத்துக்கொண்டேன்.

நீங்கள் கேட்டிருக்கும் விதத்தைப் பார்த்தால், உங்கள் குழுவில் யாரோ ஒரு திறனைத் தானே எழுதி எடுத்துக்கொண்டு வந்து நிற்கிறார், நீங்களும் முகத்துக்காகப் பாதி சரி சொல்லிவிட்டீர்கள் என்று படுகிறது. நான் முழுசாகவே சரி சொன்னவன்.

தக்கலைப் பக்கம் புலியூர்க்குறிச்சியில் சித்தி வீட்டு மாடியில், ஞாயிறு ஆராதனை முடிந்ததும் ஐந்து பேரை வைத்து டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் நடத்துகிறேன். 2014-ல் வந்த ஐந்தாம் பதிப்பு. (2024 விதிகளுக்கு ஏன் மாறவில்லை என்று கேட்பவர்கள் புத்தகம் வாங்கி அனுப்பலாம், விலாசம் தருகிறேன்.) உதயகிரிக் கோட்டை பக்கத்தில்தான். 1741-ல் குளச்சலில் மார்த்தாண்ட வர்மாவிடம் தோற்றுப் பிடிபட்டு, பிறகு அவருடைய படையையே பழக்கிய டச்சுக் கம்பெனிப் படைக்காரர் டி லனாயின் கல்லறை அதற்குள் இருக்கிறது. அதை வைத்து, கோட்டைக்குள் அலைகிற ஒரு டச்சுத் தளபதியின் பேயை வில்லனாக்கியிருந்தேன். சார்ட் பேப்பரில் மதில் வரைந்து, அவன் பேசுகிற வசனம்கூட எழுதி வைத்திருந்தேன்.

சித்தி மகன் மாங்க், அதாவது கைச்சண்டைத் துறவியாக ஆடுகிறான். அவன் அப்பாவைப் பெற்ற பாட்டா வர்ம ஆசான். அவன் ஒரு நாள் நோட்டில் 'படுவர்மம்' என்று ஒரு திறன் எழுதிக்கொண்டு வந்தான். வர்மம் 108, அதில் படுவர்மம் 12, தொடுவர்மம் 96 என்று முன்னுரை வேறு. திறன் இதுதான்: ஒரு சண்டைக்கு ஒரு முறை, அடி பட்டால் 1டி4 (நான்கு முக டைஸ் ஒன்று) சேதம், எதிராளி ஒரு நிமிஷம் அசைய முடியாது. எதிராளி டைஸ் உருட்டித் தப்பிக்கிற சேவிங் த்ரோ இல்லையா என்று கேட்டேன்.

"அண்ணே, எங்க பாட்டா தொட்டா ஆளு விழுந்திருவான். பாட்டா டைஸ் உருட்டிப் பாருன்னு சொல்லிட்டா தொடுவாரு?"

எனக்குச் சிரிப்பும் வந்தது, கொஞ்சம் பெருமையும் வந்தது. சேதத்தைப் பார்த்தேன், சராசரி 2.5. ஃபயர்பால் என்ற நெருப்பு மந்திரத்தின் 28 எங்கே, இது எங்கே? சரி என்றேன்.

அடுத்த ஞாயிறு என்ன நடந்தது என்று சொல்ல வேண்டுமா? பேய்க்கு ஏதுடா நரம்பு என்று ஒருவன் கேட்டான், நானே அவனை அடக்கினேன். முதல் சுற்றில் தம்பி தொட்டான். ஒரு நிமிஷம் என்றால் பத்து சுற்று. மூன்றாவது சுற்றில் தளபதி காலி, 150 உயிர்ப்புள்ளியும் போனது, வாளை உறையிலிருந்து உருவக்கூட இல்லை, எழுதி வைத்த வசனம் நோட்டிலேயே இருக்கிறது. குலசேகரத்திலிருந்து பஸ் ஏறி வருகிற தங்கச்சி ஒருத்தி காயம் ஆற்றுகிற கிளெரிக் ஆடுகிறாள், யாருக்கும் காயமே இல்லாததால் அவளுக்கு வேலையே இல்லை. "அண்ணே, நான் பழம்பொரி தின்னவா இவ்வளவு தூரம் வந்தேன்" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

அதற்கப்புறம்தான் உட்கார்ந்து யோசித்தேன். அந்தத் திறனில் சேதம் 2.5 என்பது ஒரு பொருட்டே இல்லை. எதிராளியிடமிருந்து எத்தனை முறை ஆடுகிற வாய்ப்பைப் பறிக்கிறது என்பதைத்தான் எண்ணியிருக்க வேண்டும். மாங்குக்குப் புத்தகத்திலேயே இதே மாதிரி ஸ்டன்னிங் ஸ்ட்ரைக் இருக்கிறது: ஐந்தாம் லெவலில் வரும், மாங்கின் கைவசச் சக்தியான கீயில் ஒரு புள்ளி செலவு, எதிராளிக்கு உடல் வலுவை வைத்து உருட்டும் கான்ஸ்டிட்யூஷன் சேவ் உண்டு, தோற்றாலும் மாங்கின் அடுத்த முறை முடியும்வரைதான். அதாவது பறிபோவது ஒரு வாய்ப்பு. தம்பி எழுதியது பத்து வாய்ப்பு, செலவு இல்லாமல், தப்ப வழி இல்லாமல். பக்கத்தில் வைத்துப் பார்த்திருந்தால் அரை நிமிஷத்தில் தெரிந்திருக்கும்.

அதோடு, ஒரு திறனைத் தனியாக நிறுத்தி எடை போட்டால் ஏமாந்துபோவீர்கள். குறியில் 5 குறைத்து அடியில் 10 கூட்டுகிற கிரேட் வெப்பன் மாஸ்டர் என்ற திறனை எடுங்கள். ஐந்தாம் லெவல் போர்வீரன், 20 முக டைஸோடு 7 கூட்டுகிறான், கையில் கிரேட்ஸ்வார்ட், எதிராளியின் ஏசி, அதாவது அடி பட எட்ட வேண்டிய எண், 15. சாதாரணமாக வீசினால் 65 சதவீதம் படும், பட்டால் சராசரி 11, ஆக ஒரு வீச்சுக்கு 7.15. அந்தத் திறனோடு 40 சதவீதம், பட்டால் 21, ஆக 8.4. ஏசி 18 என்றால் 5.5-க்கு 5.25, நஷ்டம். ஆனால் இரண்டு டைஸ் உருட்டி நல்லதை எடுக்கிற அட்வான்டேஜ் கிடைத்தால் அதே ஏசி 15-க்கு 9.65 எங்கே, 13.44 எங்கே. எங்கள் தளபதி அசையாமல் நின்றதால் எல்லாருக்கும் அந்த அட்வான்டேஜ், பக்கத்தில் நின்று அடித்தவனுக்குப் பட்டதெல்லாம் கிரிட்டிகல், அதாவது சேத டைஸ் இரண்டு மடங்கு. (மேலே உள்ள கணக்கில் கிரிட்டிகலைச் சேர்க்கவில்லை. தெரியும். கணக்கு வாத்தியார்கள் கமென்டுக்கு ஓடி வர வேண்டாம்.)

புத்தகமே தன் அட்டவணையை மதிப்பதில்லை என்பது வேறு கதை. புது மந்திரம் செய்வதற்கு, ஆட்டம் நடத்துகிறவருக்கான டன்ஜன் மாஸ்டர் கையேடு தருகிற அட்டவணைப்படி மூன்றாம் நிலையில் பலரைத் தாக்குவது 6டி6 இருக்கலாம், ஃபயர்பால் 8டி6. அதனால் "ஃபயர்பாலை விடக் குறைவு, ஆகவே சரி" என்று நான் போட்ட கணக்கின் படிக்கல்லே கள்ளக்கல்.

இன்னொன்று, இதை யாரும் சொல்வதில்லை. அந்தக் கையேடு ஒரு நாளைக்கு ஆறு முதல் எட்டு சண்டை வரும் என்று நினைத்து எழுதப்பட்டது. எங்கள் மாடியில் ஒரு ஞாயிறுக்கு ஒரு சண்டை வந்தால் பெரிய விஷயம், இரண்டாவது சண்டைக்குள் சித்தி மரச்சீனியும் மீன் கறியும் கொண்டுவந்துவிடுவார். அப்போது ஒரு திறனுக்கு "நாளுக்கு ஒரு முறை" என்று போட்டால்கூட அது கட்டுப்பாடே இல்லை. உங்கள் மேஜையில் ஒரு நாளில் எத்தனை சண்டை என்று முதலில் எண்ணுங்கள்.

இதை ஒரு ஆன்லைன் குழுவில் கேட்டபோது, வாய்ஸ் சாட்டில் நான் இரண்டு வாக்கியம் பேசியதும் வந்த முதல் பதில் "ப்ரோ நீங்க மலையாளியா?" 1956 நவம்பர் 1-ல் இந்தக் கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. அதற்கு நாங்கள் போராடி, துப்பாக்கிச் சூட்டில் ஆள் செத்திருக்கிறார்கள். இன்னும் இந்தக் கேள்வி. திறனைப் பற்றி ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. சரி, விடுங்கள்.

திறனை நான் தடை செய்யவில்லை. செய்திருந்தால் சித்தி வீட்டில் சோறு கிடைக்காது. வர்மத்தில் அடிக்கிறவனுக்கு அந்த அடியை எடுத்துவிடுகிற இளக்குமுறையும் தெரிந்திருக்க வேண்டும் என்று அவன் பாட்டாவே சொல்வாராம், அதைப் பிடித்துக்கொண்டேன். இப்போது இரண்டு கீ செலவு, ஒவ்வொரு சுற்று முடிவிலும் எதிராளிக்கு ஒரு சேவ், பக்கத்தில் நிற்கிற அவன் கூட்டாளி ஒரு ஆக்ஷன் செலவழித்தால் இளக்கிவிடலாம்.

போன ஞாயிறு கொள்ளைக்காரர் தலைவனைத் தம்பி தொட்டான், அடுத்த முறையிலேயே ஒரு கிழட்டுக் கொள்ளைக்காரன் வந்து முதுகில் தட்டி எழுப்பிவிட்டான். தம்பி பென்சிலைக் கீழே போட்டான்.

"எங்க பாட்டா அடிச்சத எடுத்து விட இவன் யாருண்ணே?"