டைவர்ஜென்ட் ஏன் பாதியில் நின்றது? – வாசகர் கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். டைவர்ஜென்ட் வரிசையில் மூன்று படங்களையும் பார்த்துவிட்டு நான்காவதைத் தேடினேன். அப்படி ஒரு படம் எடுக்கப்படவே இல்லை என்று பிறகுதான் தெரிந்தது. “பதின்பருவ நாவல் படங்கள் ஜனங்களுக்கு அலுத்துப்போச்சு, அதான் நிறுத்திட்டாங்க” என்கிறான் நண்பன். ஆனால் 2023இல் ஹங்கர் கேம்ஸ் மறுபடி வந்து நன்றாகத்தானே ஓடியது? அப்படியானால் அலுத்தது எது? விட்ட இடத்திலிருந்து கதையைத் தெரிந்துகொள்ள மூன்றாம் புத்தகத்தை மட்டும் வாசித்தால் போதுமா?

ஒரு வாசகர், மதுரை

அன்புள்ள வாசகருக்கு,

அலுப்பு உண்மைதான். அதை வரவழைத்ததில் பெரும்பங்கு, கடைசிப் புத்தகத்தை இரண்டு படமாகப் பிளக்கும் வழக்கத்துக்கு என்பேன்.

ஹாரி பாட்டர் இதைத் தொடங்கிவைத்தது. 2010 நவம்பரில் பாதி, 2011 ஜூலையில் மீதி. அறுநூறு பக்கத்துக்கு மேற்பட்ட புத்தகம், பத்து வருடமாகக் கூடவே வந்த கூட்டம். அங்கே அது தாங்கியது. அடுத்து ட்வைலைட் அதையே செய்தது. பிறகு ஹங்கர் கேம்ஸின் மாக்கிங்ஜே. அது நானூறு பக்கத்துக்குள் முடிகிற நாவல். கதாநாயகி காட்னிஸின் கழுத்தை அவள் தோழன் பீட்டா நெரிக்கும் இடம் புத்தகத்தில் ஏறத்தாழ நடுவில் வருகிறது. முதல் பாதிப் படம் அதை ஒட்டியே முடிந்துவிடுகிறது. போர் இனிமேல்தான். டிக்கெட் வாங்கியவருக்குக் கிடைத்தது இரண்டு மணி நேர ஆயத்தம்.

வசூலைப் பாருங்கள். அமெரிக்கா, கனடாவில் மட்டும் ஹங்கர் கேம்ஸின் இரண்டாம் படம் சுமார் 42 கோடி டாலர். பிளந்த பாதிகள் முறையே 34, 28 கோடி. இரண்டையும் கூட்டினால் 62 கோடி, ஆகவே கணக்குப் பிள்ளைக்கு லாபம்தான். அரங்கு, உடை, நடிகர்கள் எல்லாம் அதேதான். இரண்டு பாதிகளையும் தொடர்ந்து ஒரே மூச்சில் எடுத்துவிட்டார்கள். ஆனால் அந்தச் சரிவில்தான் ரசிகனின் பொறுமை குறைந்துகொண்டு வந்தது. பிளந்ததற்காக வருந்துவதாக இயக்குநர் பிரான்சிஸ் லாரன்ஸே 2023இல் ஒப்புக்கொண்டார்.

டைவர்ஜென்டும் ஹங்கர் கேம்ஸை எடுத்த அதே லயன்ஸ்கேட் குழுமத்தின் படம்தான். அதே வாய்ப்பாட்டை அதற்கும் போட்டார்கள். வட அமெரிக்க வசூல் 2014இல் 15 கோடி, 2015இல் 13 கோடி, 2016இல் மூன்றாம் புத்தகத்தின் முதல் பாதியான அலீஜியன்ட் வெறும் 6.6 கோடி. அதன் தயாரிப்புச் செலவே 11 கோடியை ஒட்டி. இங்கே பாதிகளைச் சேர்த்து எடுக்கவில்லை. அலீஜியன்ட் தியேட்டரில் விழுந்தபோது மறுபாதியான அசென்டன்ட் ஒரு நாள்கூடப் படமாகியிருக்கவில்லை. சேர்த்து எடுத்திருந்தால் போட்ட பணத்துக்காகவாவது வெளியிட்டிருப்பார்கள். அதைத் தொலைக்காட்சிக்கு மாற்றலாம் என்று பார்த்தார்கள். கதாநாயகி ஷைலீன் வுட்லி வர மறுத்தார். அத்தோடு சரி.

இன்னொரு கோளாறு தாமதம். பதினான்கு வயதில் வாசித்தவருக்கு இருபத்து நாலாகிறது, படம் அப்போதுதான் வருகிறது. கேயாஸ் வாக்கிங் இதற்கு மோசமான உதாரணம். உரிமை வாங்கியது 2011இல், படப்பிடிப்பு 2017இல், மறுபடப்பிடிப்பு 2019இல், வெளியீடு 2021 மார்ச்சில். சுமார் 10 கோடி டாலர் செலவு, உலக வசூல் 3 கோடியைக்கூடத் தொடவில்லை. கொரோனா காலம் என்று சமாதானம் சொல்லலாம். ஆனால் அது வருவதற்குள் அந்த அலையே ஓய்ந்திருந்தது.

வயதைக் கூட்டுவது வேறொரு வியாதி. பெர்சி ஜாக்சனின் முதல் புத்தகத்தில் பையனுக்குப் பன்னிரண்டு வயது. பதினாறு ஆகும்போது பலிக்கும் ஒரு ஆருடம்தான் ஐந்து புத்தகங்களையும் இழுத்துச் செல்லும் கயிறு. 2010 படத்தில் அவனைப் பதின்பருவத்தின் நடுவில் கொண்டுபோய் நிறுத்தினார்கள். 2013இல் இரண்டாம் படம் எடுக்கும்போது ஆருடத்தின் வயதை இருபதாக்க வேண்டியதாயிற்று. மூன்றாம் படம் வரவில்லை. பிறகு டிஸ்னி பிளஸ் தொடர் முதல் புத்தகத்துக்கு எட்டு அத்தியாயம் ஒதுக்கி, பன்னிரண்டு வயதுக்கே திரும்பியது.

நன்றாகச் செய்ததற்கும் ஒன்று சொல்லவேண்டும். ஹங்கர் கேம்ஸ் நாவல் முழுக்க காட்னிஸ் தன் வாயால் சொல்வது. அவள் காணாத எதையும் வாசகன் காண முடியாது. இம்மாதிரிக் கதையைப் படமாக்கும்போது பலரும் பின்னணிக் குரலில் புத்தகத்தை ஒப்பித்துவிடுவார்கள். முதல் படத்தில் அதற்குப் பதிலாக, பிள்ளைகளை ஒருவரையொருவர் கொல்லவிடும் அந்த விளையாட்டை நடத்துகிறவர்களின் கட்டுப்பாட்டு அறையைக் காட்டினார்கள். ஒரு பெண் திரையில் விரலை நகர்த்துகிறாள், காட்டில் நெருப்பு பிடிக்கிறது. கடைசியில் விளையாட்டை நடத்திய தலைவன் செனெகா கிரேனை ஓர் அறையில் விட்டுப் பூட்டுகிறார்கள். மேசைமேல் ஒரு கிண்ணம், அதில் நச்சுப்பழங்கள். வசனமே இல்லை. இந்தக் காட்சி நாவலில் கிடையாது, ஆனால் நாவல் சொல்லவந்தது அதில் இருக்கிறது.

நீங்கள் சொல்லும் 2023 படம், ஐந்நூறு பக்கத்துக்கு மேற்பட்ட நாவலை ஒரே படமாக, புத்தகத்தின் மூன்று பகுதிகளோடு, இரண்டரை மணி நேரத்துக்குச் சற்று மேல் எடுத்தது. வட அமெரிக்காவில் சுமார் 16.6 கோடி. 2012இல் முதல் படம் எடுத்த 40.8 கோடிக்குப் பக்கத்தில் இது பாதிகூட இல்லை. செலவை 10 கோடிக்குள் அடக்கியதால் பிழைத்தது. இன்னொரு பதின்பருவ நாவல் படமான த ஃபால்ட் இன் அவர் ஸ்டார்ஸ் 2014இல் 1.2 கோடியில் எடுக்கப்பட்டு உலகம் முழுக்க 30 கோடி ஈட்டியது. அதற்குத் தொடர்ச்சி போடும் கட்டாயமே இருக்கவில்லை.

உங்கள் கடைசிக் கேள்விக்கு வருகிறேன். மூன்றாம் புத்தகத்திலிருந்து தொடங்காதீர்கள். இரண்டாம் படத்தில் எல்லாரும் துரத்தும் அந்தப் பெட்டி புத்தகத்தில் இல்லவே இல்லை. படத்தை நம்பி மூன்றாவதைத் திறந்தால் குழம்பிவிடுவீர்கள். இரண்டாவதிலிருந்து வாசியுங்கள். முதல் இரண்டையும் கதாநாயகி ட்ரிஸ் மட்டுமே சொல்கிறாள். மூன்றாவதில் அவள் காதலன் ஃபோரும் மாறிமாறிச் சொல்ல ஆரம்பிக்கிறான். ஏன் என்று இங்கே எழுதினால் முடிவைச் சொன்னதாகிவிடும்.