ஆத்தங்குடிக் கல்லைப் பற்றி வீட்டில் பேசினோம், போனில் வந்து நிற்கிறது

காரைக்குடியில் எட்டு வருஷமாகச் சின்னக் கடைகளுக்கு ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் விளம்பரம் ஓட்டிக் கொடுத்துப் பிழைக்கிறேன். அதாவது நீங்கள் திட்டுகிற ஆள் நான்தான். போனில் வரும் விளம்பரம் பற்றிக் கேட்க வேண்டியதைக் கேளுங்கள் என்று போன வாரம் சொன்னேன், குவிந்துவிட்டது. ஒரே மாதிரிக் கேள்விகளை ஒன்றாக்கிவிட்டேன்.

கேள்வி (தேவகோட்டை): பழைய வீட்டுத் தரைக்கு ஆத்தங்குடிக் கல் பதிக்கலாமா என்று முகப்பில் உட்கார்ந்து அவுகளும் நானும் பேசினோம். நான் எதையும் தேடிப் பார்க்கவில்லை. அன்றைக்கு ராத்திரியே டைல்ஸ் விளம்பரம். போன் ஒட்டுக் கேட்கிறதா?

பதில்: இல்லை ஆச்சி. விளம்பரம் போடும் பக்கத்தில் "இதைப் பற்றிப் பேசியவர்கள்" என்று தேர்ந்தெடுக்க எனக்கு எந்த வசதியும் கிடையாது. 2018-ல் அமெரிக்காவின் நார்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 17,000-க்கும் மேற்பட்ட ஆண்ட்ராய்டு ஆப்களைச் சோதித்தார்கள். திருட்டுத்தனமாக மைக்கைத் திறந்த ஆப் ஒன்றுகூடச் சிக்கவில்லை. சில ஆப்கள் திரையில் நடப்பதைப் படம் பிடித்து வெளியே அனுப்பியது சிக்கியது, அது வேறு கதை.

அப்படியானால் எப்படி வந்தது? கல் பேச்சு சும்மா வந்திருக்காது. மேஸ்திரி ஏதாவது வீடியோ அனுப்பியிருப்பார், அவுக போனில் விலை பார்த்திருப்பார்கள், இல்லை சென்னையில் இருக்கிற மகன் தேடியிருப்பான். கடைக்காரர்களின் இணையதளத்தில் பிக்சல் என்று ஒரு துண்டு நிரல் ஒட்டியிருக்கும், நானே பல கடைகளுக்கு ஒட்டிக் கொடுத்திருக்கிறேன். யார் வந்தார்கள், எந்தக் கல்லைப் பார்த்தார்கள் என்று அது ஃபேஸ்புக்குக்குச் சொல்லிவிடும். ஒரே வீட்டு வைஃபையில் இருக்கிற போன்களையும் ஒன்றோடொன்று முடிச்சுப் போட முடியும். இதெல்லாம் இல்லாவிட்டாலும், காரைக்குடியைச் சுற்றி 40 கிலோமீட்டர், 35 வயதுக்கு மேல், வீடு புதுப்பிப்பதில் ஆர்வம் என்று நான் வட்டம் போட்டால் தேவகோட்டை முழுக்க அதற்குள் விழுந்துவிடும். அந்த விளம்பரம் அதற்கு முன்னாலேயே பத்துத் தடவை வந்திருக்கலாம், நீங்கள் தள்ளிவிட்டுப் போயிருப்பீர்கள். பேசிய பிறகுதான் கண்ணில் பட்டது. நம்ப முடியவில்லை என்றால் விளம்பரத்தின் மூலையில் உள்ள மூன்று புள்ளியைத் தட்டி "ஏன் இந்த விளம்பரம்" என்பதைத் திறந்து பாருங்கள். முழுசாகச் சொல்லாது, பாதியாவது சொல்லும்.

கேள்வி (காரைக்குடி): துணிக்கடை பில் கவுண்டரில் நம்பர் கேட்டார்கள், கொடுத்தேன். மூன்றாம் நாளிலிருந்து அந்தக் கடை சேலைதான் இன்ஸ்டாகிராம் முழுக்க. அந்தக் கடைப் பக்கத்தை நான் ஃபாலோகூடச் செய்யவில்லை அண்ணே.

பதில்: இதுதான் இங்கே அதிகம் நடப்பது, மைக்கைச் சந்தேகப்படுகிற யாரும் இதைச் சந்தேகப்படுவதில்லை. கடைக்காரர் தன்னிடமுள்ள நம்பர்களை மொத்தமாக ஏற்றுவார். அவை சங்கேதமாக மாற்றப்பட்டுப் போய், அதே நம்பரில் கணக்கு வைத்திருப்பவர்களோடு பொருத்தப்படும். பெயர்ப் பட்டியல் எங்கள் கைக்குத் திரும்பி வராது, ஆனால் விளம்பரம் உங்களிடம் வந்துவிடும். அதற்கு அடுத்த படிதான் எனக்கே கொஞ்சம் உறுத்துவது: "இவர்களைப் போலவே இருக்கிறவர்கள்" என்று ஒரு பொத்தான். அதை அழுத்தினால், மொய் நோட்டைக் கொடுத்து இதே வசதியில் இன்னும் ஆயிரம் குடும்பத்தைக் காட்டு என்று கேட்பது மாதிரி, கடைப் பக்கமே போகாத உங்கள் கொழுந்தியாவுக்கும் அதே சேலை போகும்.

நம்பர் கொடுக்காமலே பில் வாங்கலாம். வாடிக்கையாளரிடம் நம்பர் கேட்டுக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று நுகர்வோர் விவகாரத் துறை 2023 மே மாதமே கடைகளுக்குச் சொல்லியிருக்கிறது. கவுண்டர் பையன் முறைப்பான், அவ்வளவுதான்.

கேள்வி (புதுவயல்): முன்னெல்லாம் சொந்தக்காரர் வீட்டு விசேஷப் படமாக வரும். இப்போது நாலு படத்துக்கு ஒரு விளம்பரம். ஒரேயடியாக நிறுத்த வழி உண்டா?

பதில்: இங்கே கிடையாது. 2012 வாக்கில்தான் ஃபேஸ்புக் விளம்பரத்தைப் பதிவுகளுக்கு நடுவே நுழைக்க ஆரம்பித்தது, அதற்கு முன் ஓரமாக ஒதுங்கி நிற்கும். 2023-ல் ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் இரண்டையும் நடத்தும் மெட்டா நிறுவனத்தின் வருமானம் ஏறக்குறைய 13,500 கோடி டாலர், அதில் நூற்றுக்கு 98 பங்கு விளம்பரம். அதை எப்படி விடுவார்கள்? ஐரோப்பாவில் சட்டத்தின் நெருக்கடியால் காசு கட்டினால் விளம்பரம் இல்லை என்று 2023 நவம்பரில் ஒரு வழி வைத்தார்கள்.

கேள்வி (பள்ளத்தூர்): பங்குச் சந்தையில் பணம் இரட்டிப்பாகும் என்று ஒரு பெரிய மனிதர் பேசுவது போன்ற வீடியோ விளம்பரம். அப்பச்சி நம்பிப் பணம் போட்டுவிட்டார்கள். அவர்களுக்கு மட்டும் ஏன் இது தேடி வருகிறது?

பதில்: முதலில் சைபர் மோசடிப் புகார் எண் 1930-க்கு இப்போதே அடியுங்கள், இதைப் படித்து முடிக்கக்கூட வேண்டாம். வங்கிக்கும் சொல்லுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ அந்தளவுக்குப் பணத்தை வழியில் மறிக்க வாய்ப்பு உண்டு.

ஏன் அவர்களுக்கு என்றால், விரலால் தள்ளும்போதெல்லாம் அடுத்த விளம்பர இடத்துக்கு ஒரு ஏலம் நடக்கிறது. கூடக் கேட்டவனுக்கே இடம் என்றில்லை, இந்த ஆள் தட்டுவாரா என்ற கணிப்பும் சேரும். அப்பச்சி அந்த மாதிரி வீடியோ ஒன்றைக் கடைசிவரை பார்த்திருப்பார்கள். பிறகு அதே ரக விளம்பரமாகத்தான் வரிசை கட்டும். முகமும் குரலும் ஏஐ வைத்துச் செய்தது. விளம்பரத்தைப் புகார் செய்துவிட்டு, "இந்த விளம்பரதாரரை மறை" என்பதையும் தட்டிவிடுங்கள்.

கேள்வி (கோட்டையூர்): எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு விளம்பரம் காட்டலாமா?

பதில்: 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களைப் பின்தொடர்ந்து குறிவைத்து விளம்பரம் காட்டக் கூடாது என்று 2023-ன் தரவுப் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. ஆனால் உங்கள் பிள்ளை உங்கள் கணக்கில் உட்கார்ந்திருந்தால் சட்டத்துக்கு எப்படித் தெரியும்?

கேள்வி (கானாடுகாத்தான்): நான் வீட்டில் பலகாரம் செய்து விற்கிறேன். உங்களை மாதிரி ஆளை வைத்துத்தான் சீப்புச் சீடையும் மணகோலமும் சிங்கப்பூர் வரை போகிறது. இதைக் குற்றம் என்கிறீர்களா?

பதில்: இல்லை, அப்படிச் சொன்னால் என் சோற்றில் நானே மண்ணைப் போட்டுக்கொள்கிறேன் என்று அர்த்தம். ஒரு கண்டாங்கி நெசவாளருக்கு 500 ரூபாய்ச் செலவில் வெளியூர் ஆர்டர் வந்ததை நானே பார்த்திருக்கிறேன், பேப்பர் விளம்பரத்தில் அது நடக்காது. நான் தயங்குவது பட்டியலில்தான். இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு நகைக்கடைக்காரர், நகரத்தார் கோவில் வாரியாகக் குடும்பங்களை எண்ணி வைக்கும் புள்ளிக் கணக்கிலிருந்து எடுத்த போன் நம்பர்களைக் கொண்டுவந்து ஏற்றச் சொன்னார். யார் வீட்டில் எத்தனை பெண், யாருக்கு அடுத்து அறுபதாம் வயதுச் சாந்தி என்பது வரை இருந்தது. மாட்டேன் என்றேன், வேறு ஆளிடம் போய்விட்டார். உங்களிடம் பலகாரம் வாங்கியவர்கள் நம்பரை வைத்துச் செய்யுங்கள், அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

கேள்வி (காரைக்குடி): ஆயா இறந்து ஆறு மாதம். அவர்களுக்காக அன்றைக்குத் தேடிய முழங்கால் பெல்ட், இன்னும் தினமும் வருகிறது.

பதில்: இறந்தது அதற்குத் தெரியாது தம்பி, தேடியது மட்டும்தான் தெரியும். ஃபேஸ்புக்கில் அக்கவுண்ட்ஸ் சென்டருக்குள் "யுவர் ஆக்டிவிட்டி ஆஃப் மெட்டா டெக்னாலஜிஸ்" என்று இருக்கும், அதில் பழையதை அழித்துவிட்டு இனிமேல் சேர்க்காதே என்றும் வையுங்கள். ஆண்ட்ராய்டு செட்டிங்ஸில் பிரைவசி, ஆட்ஸ் என்று போய் விளம்பர ஐடியை நீக்குங்கள். பெல்ட் வந்தால் ஒவ்வொரு தடவையும் "மறை" தட்டுங்கள். உடனே நிற்காது, கொஞ்ச நாளில் குறையும். கூகுளில் தேடிய வரலாறு தனி, அங்கேயும் போய் அழிக்க வேண்டும்.