இதயச் சுவரில் நீர்க்கட்டி: பேஸ்மேக்கர் மட்டும் போதுமா?

*என் தம்பிக்கு வயது 34. இரண்டு முறை மயங்கி விழுந்துவிட்டான். நாடி நிமிடத்துக்கு 38தான். இ.சி.ஜி. பார்த்து ‘கம்ப்ளீட் ஹார்ட் பிளாக்’ என்றார்கள். எக்கோவில் இதயத்தின் நடுச்சுவருக்குள் 4 செ.மீ. நீர்க்கட்டி, நாயின் நாடாப்புழுவால் வந்ததாம். இப்போதைக்குத் தற்காலிக பேஸ்மேக்கர் போட்டிருக்கிறார்கள். நிரந்தர பேஸ்மேக்கர் வைத்துக்கொண்டு ஆபரேஷனைத் தவிர்க்கலாமா?*
– வாசகி, தருமபுரி

தவிர்க்கக் கூடாதும்மா. பேஸ்மேக்கர் துடிப்பைக் காப்பாற்றும். கட்டியை ஒன்றும் செய்யாது.

மேலறையில் பிறக்கும் மின்துடிப்பு, மேலறைக்கும் கீழறைக்கும் நடுவே இருக்கும் ஏ.வி. கணுவைக் கடந்து, ‘ஹிஸ் கற்றை’ என்ற மெல்லிய இழை வழியாக நடுச்சுவருக்குள் இறங்கி, வலது, இடது கிளைகளாகப் பிரிகிறது. உங்கள் தம்பிக்குக் கட்டி வளர்ந்திருப்பது அந்தச் சுவருக்குள்ளேயே. அது கற்றையை நசுக்கும். சுற்றியுள்ள தசை அழன்று நாராக இறுகும். இ.சி.ஜி.யில் பி.ஆர். இடைவெளி (மின்துடிப்பு மேலறையிலிருந்து கீழறைக்கு வந்துசேர ஆகும் நேரம்) 200 மில்லி செகண்டைத் தாண்டுவதும், ஒரு கிளை மட்டும் வேலை செய்யாமல் போவதும் இதன் ஆரம்ப அடையாளங்கள். பாதை முழுவதும் துண்டானால் மேலறை ஒரு கணக்கில் துடிக்கும், கீழறை தன் போக்கில் 30, 40 என்று துடிக்கும். இதுதான் ‘கம்ப்ளீட் ஹார்ட் பிளாக்’. மூளைக்குப் போதிய ரத்தம் போகாமல் மயக்கம் வருவது இதனால்தான். இது ரத்தக்குழாய் அடைப்பு இல்லை. ஸ்டென்ட் வைத்துத் தீராது.

பெரிய ஆபத்து கட்டி உடைவது. உள்ளே தெளிந்த நீரோடு நுண்ணிய புழுத்தலைகளும் மிதக்கின்றன. இடது அறைக்குள் உடைந்தால் அவை மூளைக்கும் கை கால்களுக்கும் போய் ரத்தக்குழாயை அடைக்கும். வலது அறைக்குள் உடைந்தால் நுரையீரலுக்குப் போகும். எங்கே உடைந்தாலும் கடும் ஒவ்வாமையில் ரத்த அழுத்தம் சரிந்து உயிரே போகலாம். கல்லீரல் கட்டிகளில் சிலவற்றை ஊசி குத்தி நீரெடுத்துக் குணப்படுத்துகிறார்கள். இதயத்தில் அதைச் செய்யக் கூடாது, பரிசோதனைக்காகக்கூட. கட்டி வலது அறைப் பக்கம் புடைத்திருந்தால், தற்காலிக பேஸ்மேக்கர் வயரின் முனையும் அதில் உரசாமல் இருக்க வேண்டும். இதை டாக்டரிடம் கேளுங்கள்.

ஆபரேஷனில் வரிசை முக்கியம். இதய-நுரையீரல் இயந்திரத்தில் இணைத்து, மகாதமனியில் கிளாம்ப் போட்டு இதயத்தை நிறுத்திய பிறகுதான் கட்டியைத் தொட வேண்டும். அதற்கு முன் அழுத்திப் பார்த்தால்கூட உடையலாம். 20 சதவீத உப்புக் கரைசலில் நனைத்த துணியைச் சுற்றிலும் அடைத்துக்கொண்டு, நீரை உறிஞ்சி, வெண்ணிற உட்சவ்வை ஒரு துணுக்கும் விடாமல் எடுப்பார்கள். வெளியே உடல் தானாகக் கட்டியிருக்கும் நார் உறையை நடுச்சுவரில் அப்படியே விடுவதுதான் நல்லது. அதையும் உரிக்கப் போனால் மிச்சமிருக்கும் கற்றை அறுபடும், சுவரில் ஓட்டை விழும். ஆபரேஷனுக்கு முன்பே கல்லீரல், நுரையீரல், மூளைக்கும் ஸ்கேன் எடுத்துவிடுங்கள். இதயத்தில் இருப்பவருக்கு வேறு இடத்திலும் இருக்கலாம்.

*கட்டியை எடுத்துவிட்டால் பிளாக் சரியாகிவிடுமா?*
– வாசகர், சேலம்

உறுதி சொல்ல முடியாது. வெறும் அழுத்தமும் வீக்கமும்தான் காரணம் என்றால் மின்துடிப்பு மறுபடி கீழறைக்குப் போகத் தொடங்கலாம். கற்றை தழும்பாகிவிட்டால் திரும்பாது. அதனால் ஆபரேஷன் முடிவில் இதயத்தின் மேல் தற்காலிக வயர்களைத் தைத்துவைத்து, சுமார் ஒரு வாரம் மானிட்டரில் பார்ப்பார்கள். அதற்குப் பிறகும் முழு பிளாக் நீடித்தால் நிரந்தர பேஸ்மேக்கர்.

*ஆல்பெண்டசோல் மாத்திரையால் மட்டும் கரைக்க முடியாதா? எலிசா பரிசோதனை நெகட்டிவ் என்று வந்திருக்கிறதே?*
– வாசகர், மதுரை

எலிசா, ரத்தத்தில் எதிர்ப்பொருளைத் தேடும் பரிசோதனை. அது நெகட்டிவ் என்பதற்காகக் கட்டி இல்லை என்று ஆகாது. உடையாத கட்டி எதிர்ப்பொருளைத் தூண்டாமலே இருக்கலாம். எக்கோவும் எம்.ஆர்.ஐ.யும் சொல்வதை நம்புங்கள்.

ஆபரேஷன் செய்ய முடிகிற நிலையில் இதயக் கட்டிக்கு மாத்திரையை மட்டும் நம்புவது சரியல்ல. மருந்தால் புழு சாகும்போது கட்டியின் சுவர் தளர்ந்து உடையலாம். எப்போது தொடங்குவது என்பதை அறுவை மருத்துவரே முடிவு செய்யட்டும். ஆபரேஷனுக்குப் பிறகு பெரியவர்களுக்கு வழக்கமான அளவு 400 மி.கி., தினம் 2 வேளை, சில மாதங்கள். குடற்புழுவுக்கு ஒரே ஒரு மாத்திரை விழுங்குகிற கணக்கு இங்கே செல்லாது. வெறும் வயிற்றில் போட்டால் மருந்து சரியாக உடலில் சேராது. நெய், எண்ணெய் சேர்ந்த சாப்பாட்டோடு போட வேண்டும். 2 வாரத்துக்கு ஒருமுறை ரத்த அணுக்களையும் கல்லீரலையும் பரிசோதிக்க வேண்டும். இடையில் காய்ச்சலோ தொண்டைப் புண்ணோ வந்தால் வெள்ளையணு குறைந்திருக்கலாம், உடனே பாருங்கள். கர்ப்பிணிகளுக்கு ஆகாது.

*எங்கள் வீட்டில் நாய் கிடையாது. ஆட்டுக்கறி சாப்பிட்டதால் வந்திருக்குமோ?*
– வாசகி, திண்டுக்கல்

கறியால் வராது. நாயின் குடலில் இருக்கும் புழு சில மில்லிமீட்டர்தான்; அதன் முட்டை மலத்தோடு வெளியேறி மண், கீரை, தண்ணீர், நாயின் ரோமம் என்று ஒட்டிக்கொள்கிறது. அது நம் வாய்க்குள் போனால்தான் நோய். தெருநாய் திரியும் ஊரில் வீட்டில் நாய் இல்லாவிட்டாலும் வரலாம். பெரும்பாலும் கல்லீரலிலும் நுரையீரலிலும் தங்கிவிடும். இதயத்தில் வருவது நூற்றில் ஒன்று, இரண்டு பேருக்குத்தான்.

கட்டியுள்ள ஆட்டு ஈரலையும் நுரையீரலையும் நாய் தின்னும்போது புழு மறுபடி நாய்க்குள் போகிறது. ஆடு அறுத்தால் அவற்றை நாய்க்கு எறியாதீர்கள். ஆழமாகப் புதையுங்கள் அல்லது அரை மணி நேரம் கொதிக்கவையுங்கள். வளர்ப்பு நாய்க்கு எடையில் கிலோவுக்கு 5 மி.கி. பிராசிகுவாண்டல் புழுமருந்து, 6 வாரத்துக்கு ஒருமுறை, கால்நடை மருத்துவரைக் கேட்டுக் கொடுங்கள். வீட்டில் ஒருவருக்குக் கட்டி வந்திருந்தால் மற்றவர்களும் வயிற்று ஸ்கேனும் மார்பு எக்ஸ்ரேயும் எடுத்துக்கொள்வது நல்லது. ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு இது தொற்றாது; ஆனால் முட்டை வந்த மண்ணும் தண்ணீரும் எல்லோருக்கும் பொதுதானே.