பூனைக்கண் குழந்தைக்கு டி.என்.ஏ. டெஸ்ட் எதற்கு?

கேள்வி: எனக்கும் கணவருக்கும் கருவிழி நல்ல அடர்பழுப்பு. பத்து மாதப் பெண் குழந்தைக்கோ பூனைக்கண். சொந்தபந்தம் ஒரு மாதிரி பேசுகிறது. டி.என்.ஏ. டெஸ்ட் எடுத்தால் எல்லோர் வாயும் அடைத்துவிடும் என்கிறார் தெரிந்த லேப் ஏஜென்ட். எடுக்கலாமா?
- வாசகி, பவானி

பதில்: எடுக்காதீர்கள் அம்மணி.

கருவிழியில் மெலனின் என்ற நிறமி நிறைய இருந்தால் பழுப்பு, குறைந்தால் பூனைக்கண். அந்த அளவைப் பெரும்பாலும் முடிவு செய்பவை 15ஆவது குரோமோசோமில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு ஜீன்கள். ஒவ்வொன்றிலும் இரண்டு பிரதி: அம்மா கொடுத்தது ஒன்று, அப்பா கொடுத்தது ஒன்று. மெலனினைக் குறைக்கும் பிரதி உங்கள் இருவரிடமும் ஒவ்வொன்று மறைந்திருக்கலாம். உங்கள் கண்ணில் அது தெரியாது. இரண்டும் குழந்தையிடம் சேர்ந்தால் கருவிழியின் நிறம் வெளிறிவிடும்.

"நாங்க வேற வேற கூட்டம், ரத்த சம்பந்தமே இல்லை" என்று நம் பக்கம் சொல்வார்கள். கூட்டம், அதாவது குலம், அப்பன் வழியில் மட்டும்தான் போகிறது. ஜீன் அம்மிச்சி (அம்மாவின் அம்மா) வழியிலும் வரும். தலைமுறை தலைமுறையாக மாமன் மகள், அத்தை மகன் என்று கட்டிய ஊரில் ஒரே பிரதி இரண்டு வீட்டிலும் இருப்பதில் அதிசயமே இல்லை.

நாளைக்குத் தோல் நிறத்தையும் இழுப்பார்கள். 2005இல் கண்டறிந்த, தோலை வெளுக்க வைக்கும் ஒரு ஜீன் மாற்றம் ஐரோப்பாவிலும் உண்டு, தென்னிந்தியாவிலும் கலந்து கிடக்கிறது. ஒரே வயிற்றில் ஒன்று கறுப்பு, ஒன்று சிவப்பு பிறப்பதற்கு அதுவும் ஒரு காரணம். குங்குமப்பூவுக்கு இதில் வேலை கிடையாது.

அந்த ஏஜென்டிடம் ஜாக்கிரதை. அவருக்கு வேண்டியது கமிஷன். வீட்டில் எச்சிலைத் துடைத்துக் கவரில் போட்டு அனுப்பினால், அது யாருடைய எச்சில் என்பதற்குச் சாட்சி யார்? கோர்ட்டில் அந்த ரிப்போர்ட் செல்லாது. தம்பதி சண்டைக்காகக் குழந்தைக்குச் சர்வசாதாரணமாக டி.என்.ஏ. சோதனை கூடாது என்று உச்ச நீதிமன்றமே 2023இல் சொல்லியிருக்கிறது. அப்புறம், பேசுகிறவர்கள் ரிசல்ட்டைக் கேட்க மாட்டார்கள். "ஏன் டெஸ்ட் எடுத்தாங்க?" என்றுதான் கேட்பார்கள். அந்தப் பேச்சு பிள்ளைக்குக் கல்யாண வயது வரைக்கும் நிற்கும்.

ஒன்றே ஒன்றை மட்டும் பாருங்கள். கண் பளிச்சென்ற நீலமா? இரண்டு கண்ணும் வேறு வேறு நிறமா? நெற்றிக்கு மேல் ஒரு கொத்து முடி மட்டும் வெள்ளையா? ஒன்று இருந்தாலும் வார்டன்பர்க் என்ற பரம்பரைக் கோளாறாக இருக்கலாம். அதில் காது கேளாமையும் சேர்ந்து வரலாம். சில குழந்தைகளுக்கு ஒரு காது மட்டும் போகும், கூப்பிட்டால் திரும்பும், வீட்டில் யாருக்கும் தெரியாது. அதனால் கைதட்டிப் பார்த்துவிட்டுத் திருப்திப்படாதீர்கள். காது கேட்கிறதா என்று பார்க்கும் ஓ.ஏ.இ. என்ற சோதனை சில நிமிட வேலை, வலிக்காது. அதில் சந்தேகம் வந்தால், ஒலி நரம்பு வழியாக மூளைக்குப் போகிறதா என்று பார்க்கும் பெரா சோதனை. இந்த அடையாளங்கள் இல்லாவிட்டாலும் ஒருமுறை எடுத்துவிடுங்கள்.

பிறந்த ஒரு மாதத்துக்குள் செய்ய வேண்டியது இது. பிரசவ பில்லில் பஞ்சு வரைக்கும் கணக்கு எழுதும் ஆஸ்பத்திரிகள் பல, காது சோதனையை மட்டும் மறந்துவிடுகின்றன. கேட்பாரும் இல்லை. குறை அதிகமாக இருந்தால், காதுக்குள் பொருத்தும் கேட்கும் கருவியான காக்ளியர் இம்ப்ளான்ட்டுக்கு முதல்வர் காப்பீட்டுத் திட்டத்தில் வழி உண்டு. அதற்கு வயது வரம்பு உண்டு. ஏஜென்டுக்கு எடுத்து வைத்த பணத்தை வீட்டிலேயே வைத்துவிட்டு, இந்த வாரமே குழந்தையை ஈரோடு அரசு மருத்துவமனைக்குத் தூக்கிப் போய், காது சோதனை வேண்டும் என்று வாய்விட்டுக் கேளுங்கள்.