நெகாராகூவின் மெட்டு ஒரு காதல் பாட்டிலிருந்து எடுத்ததா?

மலேசியாவின் தேசிய கீதமான நெகாராகூ பழைய காதல் பாட்டின் நகல் என்று சொல்கிறார்களே, உண்மையா என்று கேட்டிருக்கிறீர்கள். மெட்டு பழையதுதான். ஆனால் நேராகக் காதல் பாட்டிலிருந்து வரவில்லை, நடுவில் ஓர் அரண்மனை இருக்கிறது.

1957இல் சுதந்திரம் நெருங்கியபோது உலகளவில் போட்டி வைத்தார்கள். 514 பாடல்கள் வந்தும் ஒன்றும் தேறவில்லை. பெஞ்சமின் பிரிட்டன், வில்லியம் வால்டன் போன்ற பெரிய இசையமைப்பாளர்களிடம் கேட்டு வாங்கினார்கள், அதுவும் பிடிக்கவில்லை. (அப்போது கழிக்கப்பட்டவர்களில் சுபிர் சைட்டும் ஒருவர். மறு வருடமே அவர் சிங்கப்பூருக்கு எழுதிய பாட்டுதான் இன்று அங்கே தேசிய கீதம்!) கடைசியில் நாட்டின் முதல் பிரதமரான துங்கு அப்துல் ரஹ்மானின் குழு, பேராக் மாநில கீதத்தின் மெட்டை எடுத்து, வரிகளை மட்டும் புதிதாக எழுதியது.

சரி, பேராக்குக்கு அது எப்படி வந்தது? அங்கே சுல்தானுக்கு ஆலோசகராக வைக்கப்பட்டிருந்த பிரிட்டிஷ் அதிகாரி (ரெசிடென்ட்) பர்ச் 1875இல் கொல்லப்பட்டதை அடுத்து, பேராக் சுல்தான் அப்துல்லாவை சீஷெல்ஸ் தீவுக்கு நாடு கடத்தினார்கள். அங்கே பேண்டு வாத்தியக்காரர்கள் வாசித்த பிரெஞ்சு மெட்டு ஒன்று அரச குடும்பத்தின் காதில் ஒட்டிக்கொண்டது என்பது வழிவழியாகச் சொல்லும் கதை. அதே மெட்டு 'தெராங் பூலான்' என்ற காதல் பாட்டாகத் தெருவிலும் உலவியது. நிலா காய்கிறது, முதலை செத்ததுபோல் மிதக்கிறது, ஆம்பளை வாயை நம்பாதே என்று போகும் பாட்டு. தேசிய கீதமான பிறகு அந்த மெட்டில் அதைப் பாடத் தடை வந்துவிட்டது.

தமிழ்ப்பள்ளியில் திங்கட்கிழமை சபைகூடலில் 'தானா தும்பானியா டாராகூ' என்று தொண்டை கிழியப் பாடுவோம். 'என் ரத்தம் சிந்திய மண்'. சண்டையில் செத்தவர்களைச் சொல்கிறது என்றே வெகுநாள் நினைத்திருந்தேன். மலாய் வழக்கில் அது பிரசவத்தில் சிந்தும் ரத்தம், அதாவது பிறந்த மண் என்று பெரியவனான பிறகுதான் தெரிந்தது. தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீட்டில், லயத்தில், பிறந்த எனக்கு அந்த வரி அப்புறம்தான் பிடித்தது.

நாங்கள் பாடியது வேகமான நெகாராகூ. 1992இல் அதை அணிவகுப்பு நடைக்கு முடுக்கிவிட்டிருந்தார்கள், பலருக்கும் பிடிக்கவில்லை. 2003இல் பழைய நிதானத்துக்கே திருப்பினார்கள். நான்தான் இன்னும் திரும்பவில்லை. எழுந்து நின்று பாடினால் இப்போதும் பக்கத்திலிருப்பவரைவிட அரை வரி முன்னால் ஓடிவிடுகிறேன்.